துப்புரவுத் தொழிலும் உயிர்க்காப்பும்

'துப்புரவு' என்னும் சொல்லை இன்று நாம் தூய்மை என்னும் பொருளிலேயே வழங்குகிறோம். திருக்குறளில் அச்சொல்லுக்குப் பொருள் வேறு. தவம் என்னும் அதிகாரத்திலும் நல்குரவு என்னும் அதிகாரத்திலும் அச்சொல் வருகிறது. உண்டற்கும் நுகர்தற்கும் உரிய பொருள்கள் என்பதே ஆங்கு அதன் கருத்து. நுகர்பொருளைக் குறித்த சொல் காலப்போக்கில் தூய்மையைக் குறிக்கலாயிற்று. இம்மாற்றத்தை எண்ணும்போது நம் காலத்துத் தொழிலாளர் கூட்டம் ஒன்று மனக்கண்முன் வந்து நிற்கிறது. பழைய பொருளில் துப்புரவு வேண்டி, அதாவது வயிற்றுப் பிழைப்புக்காக, புதிய பொருளில் துப்புரவு செய்வோர் அவர்கள். பள்ளிகளிலும், மருத்துவமனைகளிலும், தொழிற்சாலைகளிலும், பேரங்காடிகளிலும் நாள்தோறும் தரை துடைத்து, கழிவறை கழுவி, குப்பை அகற்றும் அவர்களுள் நம்மவர், அதிலும் நம் பெண்மக்கள், பலர்.

பிறர் நோயின்றி வாழ உழைக்கும் இவர்களுடைய உடல்நலத்தைக் காப்பவர் யார்? அவர்களுக்கு நேரக்கூடிய தீங்குகள் யாவை? அவற்றைத் தடுக்கும் வழி என்ன? இவ்வினாக்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

ஒரு வினாவில் பிறந்த மருத்துவம்

தொழிலால் வரும் நோய்களை ஆராயும் மருத்துவத் துறைக்குத் தந்தை எனப் போற்றப்படுபவர் இத்தாலி நாட்டு மருத்துவர் பெர்னார்டினோ ராமாட்சினி. மொடேனா நகரில் வாழ்ந்த இவர் 1700ஆம் ஆண்டில் தொழிலாளரின் நோய்களைப் பற்றி இலத்தீன் மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். அந்நூலை எழுதத் தம்மைத் தூண்டிய நிகழ்ச்சியை அவரே அதில் கூறியுள்ளார்.

அவர் வீட்டு மலக்குழியைத் துப்புரவு செய்ய ஒரு தொழிலாளி வந்தான். அவன் மிக விரைந்து வேலை செய்வதைக் கண்ட மருத்துவர், இத்தனை விரைவு எதற்கு என்று கேட்டார். அக்குழிக்குள் நெடுநேரம் இருந்தால் கண்பார்வை போய்விடும் என்றும், வேலை முடிந்ததும் வீட்டுக்குச் சென்று இருட்டறையில் கிடந்து வெதுவெதுப்பான நீரால் கண்களைக் கழுவிக்கொண்டிருப்பதே தனக்கு மருந்து என்றும் அவன் கூறினான். மலக்குழியில் தோன்றும் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயு கண்களைப் புண்ணாக்கும் என்பதை இன்று அறிவோம். அவ்வாயுவின் பெயரையே அறியாத அக்காலத்தில் அத்தொழிலாளி தன் பட்டறிவால் உண்மையை அறிந்திருந்தான்; மருத்துவர் கேட்டறிந்தார். நோயாளியிடம் மருத்துவர் கேட்கும் வினாக்களோடு, 'நீ செய்யும் தொழில் என்ன?' என்னும் வினாவையும் சேர்த்துக் கேட்கவேண்டும் என்று ராமாட்சினி வலியுறுத்தினார். ஆக, ஒரு துறை முழுவதுமே துப்புரவுத் தொழிலாளி ஒருவனிடம் கேட்ட கேள்வியிலிருந்து வளர்ந்தது எனலாம்.

மற்றொரு வரலாறும் ஈண்டுக் கருதத்தக்கது. 1775ஆம் ஆண்டில் இலண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் என்பார், புகைபோக்கிகளைத் துப்புரவு செய்வோருக்கு விதைப்பையில் ஒருவகைப் புற்றுநோய் வருவதைக் கண்டார். சிறுவயது முதல் உடம்பில் படிந்த கரியே அதற்குக் காரணம் என்று எழுதினார். தொழிலால் புற்றுநோய் வரும் என்று மருத்துவ உலகம் முதன்முதல் தெளிந்தது இதனால்தான். மூன்றாண்டுக்குப் பின், 1778இல், டென்மார்க்கு நாட்டுப் புகைபோக்கித் தொழிலாளர் சங்கம் தன் உறுப்பினர் நாள்தோறும் குளிக்கவேண்டும் என்று அறிவுறுத்தியது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்து ஒப்பிட்டுப் பார்த்தபோது, உடலை மூடும் ஆடை அணிந்து நாள்தோறும் குளித்து வந்த ஐரோப்பாக் கண்டத்துத் தொழிலாளரிடையே அந்நோய் அரிதாகவும், இங்கிலாந்தில் மிகுதியாகவும் இருக்கக் கண்டனர். கரியிலுள்ள நச்சுப் பொருள் இன்னதென்று பிரித்தறியப்பட்டதோ 1930களில்தான். நஞ்சின் பெயர் தெரியும்வரை காத்திராமல், தண்ணீரும் துணியும் கொண்டே உயிர்களைக் காத்தவர் டென்மார்க்குத் தொழிலாளர்.

தோட்டத்திலிருந்து பட்டணத்திற்கு

நம் நாட்டின் கதைக்கு வருவோம். பால்மரக் காட்டை நம்பி வாழ்ந்த குடும்பங்கள், தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது, பட்டணத்தை நோக்கி நகர்ந்தன. ஜொகூர் பாரு, பாசிர் கூடாங், கூலாய், குளுவாங் முதலிய ஊர்களில் குடியேறிய தோட்டத்துப் பெண்களுக்கு, படிப்பும் வேறு தொழிற்பயிற்சியும் இல்லாத நிலையில், எளிதிற் கிடைத்த வேலைகளுள் ஒன்று துப்புரவு வேலை. சர்க்கார் மருத்துவமனைகளின் துணைப்பணிகள் 1996 முதல் தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டன. பள்ளிகளின் துப்புரவும் ஒப்பந்தக்காரர் கைக்குச் சென்றது. தெருத் துப்புரவும் குப்பை அகற்றலும், 2007ஆம் ஆண்டின் திடக்கழிவு, பொதுத் துப்புரவு மேலாண்மைச் சட்டம் 2011 செப்டம்பர் 1ஆம் நாள் நடப்புக்கு வந்தபின், ஜொகூரில் அச்சட்டத்தின் கீழ் நடைபெறுகின்றன.

இப்பெண்களுள் பலர் தோட்டத்தில் மருந்தடித்தவர்கள். முதுகில் தோம்பைச் சுமந்து களைக்கொல்லி தெளித்தவர்களுக்கு, அம்மருந்தின் பெயரும் தெரியாது, தீங்கும் தெரியாது. அவ்வாறு தெளிக்கப்பட்ட மருந்துகளுள் பாராகுவாட் என்பது மிகக் கொடிது. அதைத் தடைசெய்ய 2002இல் நம் சர்க்கார் முடிவு செய்தது. 2006இல் அம்முடிவு தளர்த்தப்பட்டது. 2020 சனவரி 1 முதல்தான் முழுத்தடை நடப்புக்கு வந்தது. தோட்டத்தை விட்டு வந்த பெண், தோம்பை இறக்கி வைத்துவிட்டு வாளியைத் தூக்கினாள். கையில் இருப்பது இன்னதென்று அறியாமல் வேலை செய்யும் நிலைமட்டும் அவளை விட்டு நீங்கவில்லை. இக்கட்டுரையின் கவலை முழுதும் இந்த ஒரு செய்தியிலேயே அடங்கியுள்ளது.

இரண்டு புட்டிகள்

கழிவறையின் மூலையில் பெரும்பாலும் இரண்டு புட்டிகள் இருக்கும். ஒன்று வெளுப்பு நீர். 'குளோராக்ஸ்' என்னும் வணிகப் பெயரே நம்மவரிடையே அதற்குப் பொதுப் பெயராகிவிட்டது. சோடியம் ஹைப்போகுளோரைட்டு என்னும் பொருள் நீரில் கரைந்திருப்பதே வெளுப்பு நீர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு இரசாயன அறிஞர் பெர்த்தொல்லே குளோரினைக் கொண்டு துணி வெளுக்கும் நீரை ஆக்கிய முறையிலிருந்து தோன்றியது இது. 1847இல் வியன்னா மருத்துவமனையில் செம்மல்வைசு என்னும் மருத்துவர், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவும்படி மாணவ மருத்துவரைக் கட்டாயப்படுத்தி, பிள்ளை பெற்ற தாய்மாரின் சாவைப் பெரிதும் குறைத்தார். ஆகவே இது மனித குலத்துக்குப் பேருதவி செய்த பொருள் என்பதில் ஐயமில்லை.

மற்றொன்று பீங்கானில் படிந்த மஞ்சட் கறையைப் போக்கும் அமில நீர். அதில் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும். இதுவும் தனியே தன் வேலையைச் செவ்வனே செய்யும்.

இவ்விரண்டும் ஒன்று சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். 'ஒன்றே இவ்வளவு சுத்தம் செய்கிறதே, இரண்டையும் கலந்தால் இன்னும் நன்றாகப் போகுமே' என்று எண்ணுவது இயல்பு. விளைவோ கறை நீக்கும் ஆற்றல் பெருகுவதன்று. இரண்டின் ஆற்றலும் கெட்டு, நச்சுக் காற்று எழுவதே. 1915 ஏப்பிரல் 22ஆம் நாள் பெல்சியத்தில் ஈப்பர் போர்க்களத்தில் செருமானியப் படை ஏவிய வாயு இதுவே. காற்றைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமுடையதாதலின் இது மேலே கலைந்து போகாமல் தரையோரமாகத் தங்கும். குனிந்தும் குந்தியும் கழிவறை தேய்ப்பவரின் முகம் இருப்பதும் அவ்விடத்திலேயே. மூச்சுக்குழலின் ஈரத்தில் பட்டதும் அமிலமாக மாறி அவ்விடத்தைப் புண்ணாக்கும். கண்ணெரிவும் இருமலும் உடனே தோன்றும். நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரங் கழித்தும் நேரலாம். ஆதலின், 'கொஞ்சம் இருமல்தான், சரியாகிவிட்டது' என்று வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுதல் தகாது.

வெளுப்பு நீரோடு அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பு நீரைச் சேர்ப்பதும் இவ்வாறே தீங்கானது. குளோரமின் என்னும் வாயுக்கள் அதிலிருந்து எழும். சிறுநீரிலும் அம்மோனியா தோன்றுமாதலால், சிறுநீர் தேங்கிய இடத்தில் நீர் ஊற்றிக் கழுவாமல் வெளுப்பு நீரைக் கொட்டினாலும் மூச்சை அடைக்கும் நெடி கிளம்பும்.

வேண்டுமென்று கலப்பதால் மட்டும் இவ்விபத்து நேர்வதன்று. 2019 நவம்பர் 7ஆம் நாள் அமெரிக்காவில், பாஸ்டன் நகருக்கு அருகிலுள்ள பர்லிங்டன் என்னும் ஊரில் ஓர் உணவு விடுதியில் நடந்ததைக் காண்க. சமையற்கட்டுத் தரையில் அமிலத் துப்புரவு நீர் முன்னரே சிந்திக் கிடந்தது. அதை அறியாத மற்றொரு பணியாளர், தரை கழுவ வெளுப்பு நீரைச் சேர்ந்த மருந்தை அதே இடத்தில் ஊற்றினார். நிறம் மாறி நுரைத்தெழுந்த அந்நீரை வெளியே தள்ளிவிட முயன்ற விடுதி மேலாளர் உயிரிழந்தார். வேறு பலர் மருத்துவமனை சேர்ந்தனர். புகை எழுந்தவுடன் செய்யத்தக்கது ஒன்றே: வாளியையும் துடைப்பத்தையும் போட்டுவிட்டுத் திறந்த வெளிக்கு வருதல், பிறரையும் வெளியேற்றுதல், சுத்தம் செய்யத் திரும்பிப் போகாதிருத்தல்.

ஜொகூர்வாசிகளுக்கு இரசாயனத்தின் கொடுமையை நேரில் உணர்த்திய நிகழ்ச்சியும் ஒன்றுண்டு. 2019 மார்ச்சுத் திங்களில் பாசிர் கூடாங் வட்டாரத்திலுள்ள கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டது. அருகிலிருந்த பள்ளிகளின் மாணவர் மூச்சுத் திணறலும் வாந்தியும் கண்டு மருத்துவமனை சேர்ந்தனர். வட்டாரத்தின் 111 பள்ளிகள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் மருத்துவ உதவி நாடினர். ஓர் ஊரையே அல்லற்படுத்தியமையால் அஃது உலகறிந்த செய்தியாயிற்று. பூட்டிய கழிவறைக்குள் ஒருத்தி தனியே இருமிக்கொண்டிருப்பது செய்தியாவதில்லை. அவளுக்கும் மூச்சு ஒன்றுதான்.

விகிதம் என்னும் கணக்கு

வெளுப்பு நீரை எவ்வளவு தண்ணீரில் கலப்பது என்பது நாம் நான்காம், ஐந்தாம் ஆண்டு வகுப்புகளில் கற்பிக்கும் கணக்கைப் போன்றதே. கடைகளில் கிடைக்கும் வெளுப்பு நீரில் மருந்து நூற்றுக்கு 5 பங்கு என்று கொள்வோம். மேசை, கதவுப்பிடி முதலியவற்றைத் துடைக்க நூற்றுக்கு 0.1 பங்கு போதும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. 5ஐ 0.1ஆல் வகுத்தால் 50. அதாவது ஒரு பங்கு வெளுப்பு நீருக்கு 49 பங்கு தண்ணீர். 10 லிட்டர் வாளிக்கு 200 மில்லி லிட்டர் வெளுப்பு நீர் போதுமானது. இரத்தம் சிந்திய இடத்துக்கு நூற்றுக்கு 0.5 பங்கு தேவை. அதற்கு ஒரு பங்குக்கு 9 பங்கு தண்ணீர்.

கண்ணளவாகப் 'பொளபொள'வென்று ஊற்றுவதால் கிருமி கூடுதலாகச் சாவதில்லை. ஊற்றுபவரின் தொண்டையும் தோலுமே துன்புறும். அழுக்கை முதலில் சவர்க்காரத்தால் கழுவி நீக்கிய பிறகே வெளுப்பு நீரை இடவேண்டும். இல்லையேல் மருந்தின் ஆற்றல் அழுக்கோடு போரிட்டே தீர்ந்துவிடும். வெந்நீர் கலத்தலும் ஆகாது. வெயிலும் வெப்பமும் மருந்தைக் கெடுக்குமாதலின், தகரக் கொட்டகையில் மாதக் கணக்கில் வைத்ததை நம்பவும் கூடாது. கடும் அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது தண்ணீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாக விடவேண்டுமேயன்றி, அமிலத்தில் தண்ணீரை ஊற்றலாகாது. ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும்.

தோலும் மூச்சும் முதுகும்

நச்சுக்காற்று ஒரு நொடியில் தாக்குவது. நாட்கணக்கில் அரிக்கும் தீங்குகளும் உள்ளன. கை நெடுநேரம் ஈரத்தில் ஊறினால் தோலின் இயற்கை எண்ணெய்ப் பசை நீங்கி, வெடிப்பும் அரிப்பும் தோன்றும். நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கை ஈரத்தில் இருப்பதே தோல் நோய்க்குப் போதிய காரணம் என்பர் மருத்துவர். கிழிந்த கையுறை வெறுங்கையைவிடத் தீயது. உள்ளே புகுந்த மருந்து வெளியேற வழியின்றித் தோலோடு ஒட்டிக் கிடக்கும்.

மூச்சைப் பற்றி நார்வே நாட்டுப் பெர்கன் பல்கலைக்கழகத்தார் 2018இல் வெளியிட்ட ஆராய்ச்சி எண்ணத்தக்கது. ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், துப்புரவுத் தொழில் செய்த பெண்களின் நுரையீரல் வலிமை ஏனைய பெண்களைவிட விரைவாகக் குறைந்து வந்தமை தெரிந்தது. பீச்சியடிக்கும் புட்டிகளால் மருந்து மிக நுண்ணிய துளிகளாகி நெஞ்சுக்குள் இறங்கும். துணியில் ஊற்றித் துடைத்தால் அத்தீங்கு பெரிதும் குறையும்.

ஈரத் தரையில் வழுக்கி விழுதலும், நீர் நிறைந்த வாளியைத் தூக்கி முதுகு பிடித்துக்கொள்ளுதலும் இத்தொழிலில் அடிக்கடி நேர்வன. தாழ்வாரத்தை நீளவாட்டில் இரு பாதியாகப் பிரித்து, ஒரு பாதி காய்ந்தபின் மறுபாதியைத் துடைத்தால், நடப்போருக்கும் துடைப்போருக்கும் எப்போதும் உலர்ந்த வழியொன்று இருக்கும். மாப்பின் கைப்பிடி தோளுயரத்துக்குக் குறையாமல் இருந்தால் முதுகு வளையாது. சக்கரம் வைத்த வாளி ஆடம்பரப் பொருளன்று. முதுகெலும்பின் விலையோடு ஒப்பிட்டால் மலிவானது.

மருத்துவமனைத் துப்புரவாளருக்கு ஊசி குத்தும் அபாயம் உண்டு. நோயாளியின் இரத்தம் பட்ட ஊசி குத்தினால், தடுப்பூசி போடாதவருக்கு மஞ்சட் காமாலை 'பி' கிருமி தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 6 முதல் 30 வரை. 'சி' வகைக்கு நூற்றுக்கு ஏறத்தாழ 2. எய்ட்ஸ் கிருமிக்கு ஆயிரத்துக்கு 3. முதலாவதைத் தடுக்க நல்ல தடுப்பூசி இருக்கிறது. ஊசிகள் அவற்றுக்குரிய கெட்டிப் பெட்டியிலும், நோயாளர் கழிவு மஞ்சள் பையிலும், பொதுக் குப்பை கறுப்புப் பையிலும் சேரவேண்டும் என்பது நம் நாட்டு முறை. பையை மார்போடு அணைத்துத் தூக்குதலும், காலால் மிதித்து அழுத்துதலும் கூடா. கால்வாய் துப்புரவு செய்வோருக்கு எலியின் சிறுநீரால் பரவும் காய்ச்சல் வரலாம். காலில் புண்ணுள்ளவர் முழங்கால் வரையிலான ரப்பர்க் காலணி இன்றி அந்நீரில் இறங்கலாகாது.

காப்பின் ஐந்து படிகள்

பாதுகாப்பு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கையுறையும் முகமூடியுமே. அறிஞர் அவற்றை இறுதிப் படியில் வைத்துள்ளனர். முதற்படி, தீங்குள்ள பொருளையே நீக்குதல்: நாள்தோறும் தேய்த்தால் கறை படியாது, கறை படியாவிடில் அமிலம் வேண்டியதில்லை. இரண்டாம் படி, கொடிய பொருளுக்கு ஈடாக மென்மையானதைக் கொள்ளுதல்: கடும் அமிலத்துக்கு மாற்றாக எலுமிச்சைப் புளிப்பின் இனமான சிட்ரிக் அமிலம் பல இடங்களில் போதும். மூன்றாம் படி, இடத்தையும் கருவியையும் திருத்துதல்: கழிவறைக்குக் காற்றோட்டம், வாளிக்குச் சக்கரம். நான்காம் படி, வேலை முறையைத் திருத்துதல்: அமிலத்தையும் வெளுப்பு நீரையும் வெவ்வேறு அலமாரியில் பூட்டுதல், வெவ்வேறு நாளில் பயன்படுத்துதல், பயிற்சியளித்தல். ஐந்தாம் படிதான் கையுறை முதலியன. முதல் நான்கையும் செய்யாமல் ஐந்தாவதை மட்டும் கொடுத்துவிட்டு, விபத்து நேர்ந்தபின், 'கையுறை போடவில்லை, அவள் குற்றம்' என்று கூறுவது முறையாகாது.

சட்டம் கூறுவது

1991 மே 7ஆம் நாள் சுங்கை பூலோவில் பட்டாசுத் தொழிற்சாலை தீப்பற்றி வெடித்துப் பலர் மாண்டதை நாடு மறந்திராது. தொழிலிடப் பாதுகாப்புக்கு விரிவான சட்டம் வேண்டும் என்னும் எண்ணத்தை அந்நிகழ்ச்சி வலுப்படுத்தியது. 1994இல் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் பிறந்தது. தொழிலாளிக்குத் தகவலும் பயிற்சியும் மேற்பார்வையும் அளிப்பது முதலாளியின் கடமை என்று 15ஆம் பிரிவு விதிக்கிறது. பாதுகாப்புக்கென்று சட்டம் வேண்டும் பொருளுக்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கலாகாது என்பது 26ஆம் பிரிவு. ஆகவே கையுறைக்கும் காலணிக்கும் சம்பளத்தில் கழிப்பது சட்டத்துக்கு மாறானது.

இச்சட்டம் 2022இல் திருத்தப்பெற்று, 2024 சூன் 1 முதல் திருத்தம் நடப்பில் உள்ளது. வீட்டு வேலையாள், படையினர், வணிகக் கப்பல் வேலை ஆகியவை நீங்கலாக எல்லா வேலையிடங்களும் இப்போது சட்டத்துக்குள் அடங்கும். அபாயம் எங்கெங்கு உள்ளதென்று முதலாளி முன்கூட்டியே மதிப்பிட்டாக வேண்டும். பாதுகாப்பு அதிகாரி வைக்கக் கடமைப்படாத முதலாளியும், ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோரை வேலைக்கு வைத்திருந்தால், அவர்களுள் ஒருவரைப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக நியமிக்கவேண்டும். முதலாளியின் கடமை தவறினால் தண்டம் முன்பு 50,000 வெள்ளி வரை. இப்போது 500,000 வெள்ளி வரை. வேலை கொடுத்தவர், தம் ஏவலின்படி வேலை செய்யும் ஒப்பந்தக்காரரின் ஆட்களுக்கும் பாதுகாப்புத் தேட வேண்டும். 'அவர்கள் ஒப்பந்தக்காரர் ஆட்கள், எங்கள் ஆட்களல்லர்' என்று கூறி, வேலை செய்யும் முறையையும் தாமே ஏவுவோர் இனித் தப்ப இயலாது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளி அதை நீக்காவிடில், தொழிலாளி அவ்விடத்தை விட்டு விலகும் உரிமையும் இப்போது எழுத்தில் உள்ளது.

வேலையிலும், வேலைக்குப் போய்வரும் வழியிலும் நேரும் விபத்துக்குச் 'சொக்சோ' எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உதவி வழங்குகிறது. தொழிலால் வரும் நோய்க்கும் உதவி உண்டு. வீட்டு வேலையாட்களுக்கும் 2021 சூன் முதல் அப்பாதுகாப்பு விரிக்கப்பட்டது. ஆனால் சந்தா கட்டப்படுகிறதா என்று கேட்டறியத் தெரியாதவருக்குச் சட்டப் புத்தகத்தால் பயனில்லை. ஒப்பந்தம் கைமாறும்தோறும் புதிய ஆளாக எண்ணப்படும் பெண், வேலை போய்விடுமோ என்ற அச்சத்தில் வாய் திறப்பதில்லை. வாய் திறந்தவர் பட்ட பாட்டையும் நாடு கண்டது: 2020 சூன் 2ஆம் நாள், பெருந்தொற்றுக் காலத்தில், ஈப்போ பொது மருத்துவமனை முன் துப்புரவுத் தொழிலாளருக்காக மறியல் செய்த தொழிற்சங்கத்தார் ஐவர் கைது செய்யப்பட்டனர்.

ஆசிரியர் செய்யத்தக்கது

இச்செய்திகளைத் தமிழாசிரியர்க்கு ஏன் எழுதவேண்டும் என்று சிலர் எண்ணலாம். காரணம் மூன்று.

முதலாவது, இது மொழியைச் சார்ந்த செய்தி. இரசாயனப் புட்டியின் சீட்டு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கவேண்டும் என்று 2013ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன, தமிழில் இராது. 'பஹாயா' என்றால் பேராபத்து. 'அமாரான்' என்றால் எச்சரிக்கை. சிவப்புக் கட்டமிட்ட சாய்சதுரத்துள் உள்ள படங்களையோ எழுத்தறியாதவரும் படிக்கலாம். கையின்மேல் நீர் சொட்டி அரிப்பதுபோன்ற படம் அரிக்கும் பொருளைக் குறிக்கும். மண்டையோடு நஞ்சைக் குறிக்கும். மார்பில் வெடித்த விண்மீன் உருவம் நாட்பட்ட நோயைக் குறிக்கும். தீச்சுடர் எரிபொருளைக் குறிக்கும். ஐக்கிய நாடுகள் சபை வகுத்த இப்படங்கள் ஒன்பதே. உயிரெழுத்துப் பன்னிரண்டைக் கற்பிக்கும் நமக்கு இவ்வொன்பதையும் கற்பித்தல் அரிதா? அறிவியல் பாடத்தில் ஒருநாள் இவற்றைக் கற்ற பிள்ளை, அன்று மாலையே தாய்க்கு ஆசிரியனாகும்.

இரண்டாவது, நம் பள்ளிகளே வேலையிடங்கள். குடிநீர்ப் புட்டியிலும் பானப் புட்டியிலும் அமிலத்தை ஊற்றி, முதலாம் ஆண்டுப் பிள்ளையின் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பதை எத்தனை பள்ளிகளில் காண்கிறோம்! மருந்தைத் தாய்ப்புட்டியிலிருந்து மாற்றினால் அதன் பெயரும் எச்சரிக்கையும் அக்கணமே தொலைந்துவிடுகின்றன. மாற்றித்தான் ஆகவேண்டுமெனில், பெயர்ச்சீட்டு ஒட்டியே மாற்றவேண்டும். ஒப்பந்தக்காரரின் வேலை நிறைவு என்று கையொப்பமிடுவோர் எம்மைப் போன்ற தலைமையாசிரியர்கள். தரை பளபளக்கிறதா என்று பார்ப்பதோடு, துடைத்தவருக்குக் கிழியாத கையுறை உண்டா, கழிவறைச் சாளரம் திறக்கிறதா, இரு புட்டிகளும் வேறு வேறிடத்தில் உள்ளனவா என்றும் பார்த்த பிறகு கையொப்பமிடலாமே. முதலுதவியும் எல்லாரும் அறிந்திருக்க வேண்டியது. தோலிலோ கண்ணிலோ மருந்து பட்டால், ஓடும் நீரில் கால்மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவவேண்டும். விழுங்கியவரை வாந்தியெடுக்கச் செய்யலாகாது. மருத்துவரிடம் செல்லும்போது புட்டியையும் உடன் எடுத்துச் செல்லவேண்டும்.

மூன்றாவது, மதிப்பு. நம் சமூகத்தில் துப்புரவுத் தொழிலைச் சாதியோடு கட்டி, செய்பவரைத் தாழ்த்திய பழம்பாவம் உண்டு. அதன் எச்சம் இன்னும் அறவே ஒழிந்தபாடில்லை. இந்தியாவில் மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ளுவதைத் தடுக்க 1993இலும் 2013இலும் சட்டங்கள் இயற்றியும், சாக்கடைக் குழிக்குள் சாவுகள் நின்றபாடில்லை. அத்தகைய சாவுக்கு இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 இலட்சம் ரூபாயாக உயர்த்த நேர்ந்தது. தாழ்ந்தவர் என்று எண்ணப்படுபவரின் உயிர்க்குக் காப்பு தேடச் சமூகம் முனைவதில்லை. ஆகவே காப்புக்கு முதல் வேண்டுவது கருவியன்று, கருத்து. பிள்ளைகள் அவ்வம்மையாரைப் பெயரோ முறையோ சொல்லி அழைக்கவும், வணக்கம் கூறவும் பழகும் பள்ளியில், அவர் இருமினால் ஏன் என்று கேட்கவும் ஒருவர் இருப்பார்.

முந்நூறு ஆண்டுக்கு முன் இத்தாலி மருத்துவர் செய்ததும் அவ்வளவே: குழிக்குள் நின்றவனிடம் நின்று ஒரு கேள்வி கேட்டார். நம் பள்ளித் தாழ்வாரத்தில் நாளும் நம்மைக் கடந்து செல்பவரிடம், 'அம்மா, இந்த வாளியில் என்ன ஊற்றியிருக்கிறீர்கள்?' என்று நாமும் கேட்கலாம். அவருக்குத் தெரியவில்லையெனில், புட்டியை எடுத்துப் படித்துச் சொல்லுவோம். படிக்கத் தெரிந்தவர்க்கு அதுவும் ஒரு கடமையே.